வன்னி வீதியில் பேய் காண்பவர் யார்?

கொழும்பிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வெளிக்கிடும் யாழ்ப்பாண பஸ் வவுனியாவைத் தாண்டும்போது இரண்டு, இரண்டரை ஆகியிருக்கும். அதற்குப் பிறகு வன்னிக் காடு. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே வெறும் இருட்டாகத்தான் போகும். சாரதியும் நடத்துநரும் மட்டும் முழிப்பு. முன் இருக்கையில் நித்திரை வராத ஒருவர் அகப்பட்டால் கதை தொடங்கிவிடும். "உந்த மதகடியிலதான் அண்ணை, போன வருசம் ஒரு வான்காரன் கண்டவனாம்." வெள்ளைச் சீலை உடுத்த ஒரு பொம்பிளை கை காட்டுவாள். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஆள் இருக்காது. நிறுத்தாமல் போனால் கொஞ்சத் தூரத்தில் பின் இருக்கையில் இருப்பாள்.

இதே கதையை நான் குறைந்தது நாலு மதகுகளுக்குக் கேட்டிருக்கிறேன். வான் லொறியாகும், போன வருசம் பத்து வருசத்துக்கு முந்தியாகும். சீலை மட்டும் எப்போதும் வெள்ளைதான்.

ஏன் வன்னி? சாவு நிறைய நடந்த மண், அதனால்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதற்கு முதல் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரவில் வெளிக்கிடும் வாகனம் எதுவானாலும் வன்னிக் காட்டுக்குள் நுழைவது அதிகாலை இரண்டுக்கும் நாலுக்கும் இடையில். மனித உடம்பின் சூடு ஆகக் குறைந்து, விழிப்பு ஆகத் தளர்ந்து கிடக்கும் நேரமும் அதுதான். கண் திறந்திருக்கவே இரண்டு மூன்று விநாடி மூளை தூங்கிவிடும். அந்த விநாடிகளில் கனவின் ஒரு துண்டு வந்து வீதியின் மேல் ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து மாலை வெளிக்கிடும் பஸ்ஸோ வன்னியைப் பத்துப் பதினொரு மணிக்கே கடந்துவிடும். நான் கேட்ட அளவில், அந்தப் பஸ்காரர்களின் பேய்கள் பெரும்பாலும் புத்தளம், குருநாகல் பக்கம்தான் நிற்கின்றன.

நித்திரைக் கலக்கம் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வீதியில் உண்மையாகவே ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் ஒருநாள் இரவு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒட்டுசுட்டானுக்கு இன்னும் கொஞ்சத் தூரம். வீதியின் நடுவில், தார் மட்டத்தில், ஒரு தணல் துண்டு. கிட்டப் போகப் போக அது அணையவில்லை, அசையவுமில்லை. பத்து யார் இருக்கும்போது வேகத்தைக் குறைத்தேன். தணல் எழும்பி, சத்தமே இல்லாமல் என் தலைக்கு மேலால் போய்விட்டது. கொஞ்ச நேரம் கை நடுங்கியது. பெட்டிக்குள் பொரிச்ச மீன் வேறு இருந்தது. இரவில் பொரிச்ச சாமான் கொண்டுபோனால் ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ சேர்த்து வை என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. பிறகு இன்னொரு நாள் பகலில் அதே இடத்தில் காய்ந்த சருகோடு சருகாகக் கிடந்த குருவியைக் கண்டேன். பக்கி.

பகல் முழுவதும் வெயில் குடித்த தார் இரவில் நெடுநேரம் சூடாக இருக்கும். பக்கி அதில் வந்து குந்தும். பூச்சி பிடிக்கவும் வெளியான இடம் தேவை. அதன் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் லைட் பட்டதும் கங்கு போலச் சிவக்கும். இறகு மிக மென்மையானது. பறக்கும்போது சத்தம் கேட்காது. மாடுகளும் தார்ச் சூட்டுக்காகத்தான் நடு வீதியில் படுக்கின்றன. கறுத்த எருமை ஒன்று ஏ9 என்ற இந்த யாழ்ப்பாண வீதியில் படுத்திருந்தால் லைட்டில் தெரிவது கண் மட்டும்தான். அதுவும் அது திரும்பிப் பார்த்தால். யானைக்கும் தாருக்கும் இரவில் ஒரே நிறம்.

இவை எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைப்பது கரடி. வன்னிக் கரடி ஏதும் மணத்தால் பின்னங்காலில் எழும்பி நின்று மூக்கை உயர்த்தும். ஆள் உயரம், தோளில் தொங்கும் சடை மயிர், நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. முழு இருட்டில் லைட் ஒரு கணம் பட்டு விலகினால், "முனி நிண்டது" என்று ஒருவன் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அவன் கண்டது உண்மை. பெயர்தான் வேறு.

கொள்ளிவாய்ப் பேயின் கதை இதைவிடச் சிக்கலானது. குளத்துப் பின்பக்கம், வயல் வெளி, சதுப்பு. அங்கே தரைக்குச் சற்று மேலே ஒரு சின்ன நெருப்பு எரிந்து, அணைந்து, வேறிடத்தில் தோன்றும். கொள்ளியை வாயில் வைத்துக்கொண்டு பேய் நடக்கிறது என்பது பழைய விளக்கம். சேற்றுக்குள் இலைதழை அழுகும்போது எரியக்கூடிய வாயு உண்டாகிறது என்பதை 1776இல் இத்தாலியரான வோல்ட்டா கண்டுபிடித்தார். ஆனால் மீதேன் தானாகப் பற்றாது. அதை எது பற்றவைக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றைக்கும் ஒருமித்த முடிவு இல்லை. வன்னியில் அந்த வெளிச்சங்களில் பாதிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையுமில்லை. சேனைப் பயிருக்காக எரித்த காட்டில் பெரிய கட்டைகள் நாட்கணக்கில் தணலாகக் கிடக்கும். காற்று வந்தால் ஒன்று மினுங்கும், காற்று திரும்பினால் இன்னொன்று. பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் படுத்திருப்பவரின் விளக்கும், குளத்தில் மீன் பிடிப்பவரின் டோர்ச்சும் தூரத்தில் அப்படித்தான் தெரியும்.

சரி, ஒரு ஆள் கண்டான், பயந்தான். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து படுத்தானே, சிலர் செத்தும் போனார்களே, அது எப்படி? இந்தக் கேள்விக்கு வன்னியின் வரலாற்றுக்குள் ஒரு பதில் இருக்கிறது. மலேரியா. ஊரில் அதற்குக் குலைப்பன் காய்ச்சல் என்று பெயர். மலேரியா நுளம்பு பொழுது பட்ட பிறகுதான் கடிக்கும். கடித்த பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் தொடங்கும். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், பல்லுக் கிட்டும், கண்டபடி பிதற்றும். அன்று முழுக்கக் கிடப்பான், அடுத்த நாள் எழும்பி நடப்பான், அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி குலைக்கும். முறை தவறாமல் வந்து பிடித்துவிட்டுப் போகும் ஒன்றை வேறு எப்படிச் சொல்வது? "எங்கை போனனீ?" என்று கேட்டால் ஆள் யோசித்துப் பார்த்துச் சொல்வான், இரண்டு கிழமைக்கு முந்திப் பொழுது பட்ட நேரம் காட்டு வழியால் வந்ததை. பேயடித்த இடம் அப்படித்தான் குறிக்கப்படும். நூல் கட்டி, தண்ணி ஓதிக் குடுத்து, திருநீறு போடுவார்கள். சிலருக்குக் காய்ச்சல் தானாக விடும், அந்தப் புகழ் பூசாரிக்குப் போகும்.

டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கியபின் இலங்கை முழுவதும் மலேரியா வேகமாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதற்கும் பதிவானது 17 பேர் மட்டும். பிறகு அது திரும்பி வந்ததும், போர்க் காலத்தில் வன்னியை வாட்டியதும் வேறு கதை. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. என் பெரியப்பா கிளிநொச்சியில் நெல் லொறி ஓடியவர். அவர் சொன்ன பேய்க்கதைகளில் ஆட்கள் காய்ச்சலில் செத்தார்கள். இப்போது கேட்கும் கதைகளில் விபத்தில் சாகிறார்கள்.

ரயில் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, அநுராதபுரத்துக்கு வடக்கே காடு கடப்பதென்றால் நடை, அல்லது மாட்டு வண்டி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப்கூட மாடு இழுத்த தபால் வண்டியில்தான் அந்தக் காட்டைக் கடந்தார். அந்த வேகத்தில் போகிறவனுக்கு யானையும் கரடியும் காய்ச்சலும் கதை இல்லை, அன்றாடம். ஆகவே வழிக்கு ஒரு காவல் வேண்டும். காட்டு விளிம்பில் ஐயனார், குளக்கட்டில் ஐயனார், முச்சந்தியில் வைரவர், மரத்தடியில் பிள்ளையார். காட்டுக்குள் இறங்க முன்னர் ஒரு குழையை முறித்துக் கல்லடியில் வைத்துவிட்டுப் போவது பழைய வழக்கம். வன்னிக்குத் தெற்கே உள்ள சிங்களக் கிராமத்தவரும் இதையே அய்யநாயக்க என்ற பெயருக்குச் செய்கிறார்கள். ஐயனாரேதான் அவர். காட்டு வழிக்கு மொழி வேலி கிடையாது.

அந்தக் குழையின் இன்றைய வடிவம் என்று நான் முறிகண்டியைச் சொல்வேன். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அந்தச் சின்னப் பிள்ளையார் கோயில். எந்த அவசர பஸ்ஸும் நிற்கும். தேங்காய் உடைபடும், உண்டியலில் சில்லறை விழும், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாரதி ஏறுவார். சிங்களச் சாரதியும் நிறுத்துவார், தெற்கில் களுத்துறைப் போதியடியில் சில்லறை போடுவதைப் போல. இறங்குகிற சனத்துக்குக் கச்சான் வேண்டும். முறிகண்டிக் கச்சான் வாங்காமல் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் விடாது. அங்கே நிற்காமல் போன லொறி அடுத்த வளைவில் பிரண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கவனித்தால், அந்தக் கதையில் பேயே கிடையாது. ஆனால் அது செய்கிற வேலை மிகப் பெரியது. மூன்றரை மணிக்கு, ஆக மோசமான நித்திரைக் கட்டத்தில், ஒரு சாரதியை இறங்கி நடந்து முகம் கழுவ வைக்கிறது. வீதிப் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் பலகை எழுதிச் செய்ததில்லை.

தமிழ்த் தெருக்களில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சுமைதாங்கி. பிள்ளைத்தாச்சியாகவே செத்த பெண் அடங்கமாட்டாள், வழியில் நிற்பாள் என்று பயம். அந்தப் பயத்துக்கு நம் ஆட்கள் கண்ட பதில், அவள் பெயரால் தெருவோரம் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கலாம். அவள் இறக்கமுடியாமல் போன சுமைக்காக ஊரார் இறக்கும் சுமை. வெள்ளைச் சீலைப் பெண்ணைப் பற்றி யார் கதை தொடங்கினாலும் எனக்கு அந்தக் கற்கள்தான் நினைவுக்கு வருகின்றன. இறந்தவள் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் அவளுக்குக் கல் எழும்பும். தெரியாதவள் மதகடியில் நிற்கிறாள்.

தெரியாதவர்கள் வன்னி வழியில் ஏராளம் செத்திருக்கிறார்கள், போருக்கு மிக முன்னரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்தார்கள். நூறு மைலுக்கு மேல், பெரும்பாலும் தண்ணீர் இல்லாத காடு. காலரா, அம்மை, காய்ச்சல், பசி. விழுந்தவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி போகும் பக்கத்துக் கிராமங்களில், இரவில் கூட்டமாக நடந்துபோகும் காலடிச் சத்தம் கேட்கும் என்று வயதானவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாரும் கோப்பிக் காலத்தைப் பற்றிப் பேசவில்லை. சத்தத்தை மட்டும் சொன்னார்கள்.

அப்புறம், வன்னிப் பேய்கள் எல்லாம் வன்னியில் பிறந்தவையுமல்ல. இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்கள் தங்கள் கொத்திப் பேய்களையும் புளியமரங்களையும் கொண்டுவந்தார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் முனியாண்டியையும் மாடசாமியையும் கூட்டி வந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சில்லுக்குக் காவலான ரோதைமுனிக்கு இங்கே ரோதை இல்லாததால் அவர் வரவில்லை என்று மலையகத்து நண்பர் ஒருவர் பகிடி விடுவார். கை காட்டும் வெள்ளைச் சீலைக்காரியோ உலகம் சுற்றுகிறவள். 1940களின் தொடக்கத்தில் பியர்ட்ஸ்லி, ஹங்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வாகனத்தில் ஏறி மறைந்துபோகும் பயணியின் கதைகளில் 79 வடிவங்களைத் திரட்டினார்கள். அதே கதைதான், அங்கே காரில் ஏறினாள், இங்கே வானில் ஏறுகிறாள். வீதி நேராகி, வேகம் கூடி, முன்பின் தெரியாதவர் கை காட்டும் நிலை வந்த எங்கும் அவள் வந்துவிடுகிறாள். ஏ9 வீதி காப்பெற் போட்டு அகலமானது 2009க்குப் பிறகு. என் பெரியப்பாவின் கதைகளில் அவள் இல்லை.

இனிப் போர். சனம் எதிர்பார்ப்பது இங்கேதான். 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு படை நடவடிக்கை ஒன்றரை வருடத்துக்கு மேல் இந்த ஏ9 வீதியைப் பிடிப்பதற்காகவே நடந்தது. ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் விலை இருக்கிறது. 2002 ஏப்ரலில் திறந்த வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியால் 2009இல் சனம் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்தது. சாவுக்கும் பேய்க்கும் நேர்க் கணக்கு இருந்தால் அந்த வீதியில் ஒரு மைலுக்கு ஆயிரம் பேய்க்கதை இருக்கவேண்டும்.

அந்தக் கதைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். சுற்றுலா வந்த பொடியள், வீதி வேலைக்கு வந்தவர்கள், இரவில் சாமான் ஏற்றிப் போகும் வெளியூர்ச் சாரதிகள், காமராவோடு வந்து வீடியோ எடுக்கிறவர்கள். உடையார்கட்டில் என் உறவுக்காரர் ஒருவரிடம், கொழும்பிலிருந்து என்னோடு வந்த நண்பன் இதை நேராகவே கேட்டுவிட்டான். "அண்ணை, இரவில இதால வர உங்களுக்குப் பயமில்லையா?" அவர் கோபப்படவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "உதிலதான் தம்பி என்ர மூத்தவள். அந்தப் பாலை மரத்துக்கு இஞ்சால மாமி. ஆருக்குப் பயப்பிட?" என்றார். அதற்குப் பிறகு அவன் பேய் பற்றிக் கேட்கவில்லை.

போர் நடந்த காலத்திலும் இது இப்படித்தான் இருந்தது. இரவில் பதுங்குகுழிக்கும் வீட்டுக்கும் இடையில் திரிந்த பிள்ளைகள் யாரும் பேய்க்குப் பயந்து நான் கண்டதில்லை. வானத்தில் சத்தம் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. முனிக்கும் கொத்திக்கும் அப்போது வேலையே இருக்கவில்லை.

வெளியூரார் பேய் வீடு என்று படம் பிடிக்கும் வீடுகளையும் சொல்லவேண்டும். கூரை இல்லை, சுவரில் ஓட்டை, உள்ளே நின்று மரம் வளர்ந்திருக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் அப்படி ஒரு வீட்டைப் பற்றி வீடியோவில் நடுங்கி நடுங்கிப் பேசியிருந்தார்கள். எனக்கு அந்த வீட்டைத் தெரியும். சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார், காணி உறுதியில் அண்ணன் தம்பி பெயர் சேர்ந்திருப்பதால் விற்கமுடியவில்லை. அந்த வளவுத் தேங்காயைப் பேய்த் தேங்காய் என்று அயலவர் யாரும் விட்டுவைத்ததுமில்லை.

2023 ஜூன் மாத முடிவில் முல்லைத்தீவின் தெற்கே கொக்குத்தொடுவாயில், வீதியோரமாகக் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது மனித எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் கட்டம் கட்டமாகத் தோண்டி, 2024 ஜூலையில் வேலை முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அதுவரை எத்தனை வருடம் அந்த இடத்தைத் தாண்டி சைக்கிளும் உழவு இயந்திரமும் பஸ்ஸும் இரவு பகலாகப் போயின. அங்கே யாரும் வெள்ளையாக எதையும் கண்டதாக நான் கேள்விப்படவில்லை. கிடங்கிலிருந்து துணிகள் வெளியே வந்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வந்தார்கள். தங்கள் பிள்ளையாக இருக்குமோ என்று கேட்டு, வெயிலில் வீதியோரமாகவே நின்றார்கள்.